கொலையாளி யார் என்று தெரிந்த பிறகு படிப்பதற்கு என்ன இருக்கிறது?

கேள்வியின் சுருக்கம் இது. குன்னூரில் ஐந்து பேர் சேர்ந்து பென் ஆரோனோவிச்சின் 'ரிவர்ஸ் ஆஃப் லண்டன்' நாவலை மறுபடியும் படித்து, வாரம் ஓர் அத்தியாயமாகப் பேச நினைக்கிறார்கள். நால்வர் ஏற்கெனவே படித்தவர்கள். ஒருவருக்கு இது முதல் வாசிப்பு. முடிவு தெரிந்த துப்பறியும் கதையில் பேச என்ன மிச்சம் இருக்கும்? புதியவரை வைத்துக்கொண்டு எப்படிப் பேசுவது? லண்டன் தெருக்களில் நடக்கும் கதையை மலையில் உட்கார்ந்து படிப்பதில் ஏதாவது இழப்பு உண்டா? தொடரின் இரண்டாவது நூலுக்கு எப்போது போகலாம்?

ஊட்டியில் ஒரு சிறு வாசகர் கூட்டத்தோடு இதே நாவலை மறுவாசிப்புச் செய்தவன் நான். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில், பேச எதுவும் மிச்சம் இருக்காது என்ற கவலை வேண்டாம். அர்பன் ஃபேன்டஸி எனப்படும் நகரத்து மாயப் புனைவு துப்பறியும் கதையோடு சேரும்போது, நாவலுக்குள் இரண்டு புதிர்கள் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. கொலை செய்தது யார் என்பது ஒன்று. இந்த உலகத்தில் எது நடக்கும், எது நடக்காது என்பது மற்றொன்று. முதல் வாசிப்பில் இரண்டாவது புதிரைக் கற்றுக்கொண்டே முதலாவதைத் துரத்துகிறோம். விதிகள் தெரியாமல் ஆட்டம் பார்ப்பதுதான் அது. ஆசிரியர் நேர்மையாக ஆடினாரா, நடுவில் விதியை மாற்றினாரா என்று தீர்ப்புச் சொல்ல நமக்குத் தகுதி இருக்காது. மறுவாசிப்பில் அந்தத் தகுதி வந்துவிடுகிறது. எனவே நீங்கள் செய்யப்போவது ஒரு தணிக்கை. ஐந்து பேர் சேர்ந்தால் தணிக்கை இன்னும் கறாராக நடக்கும்.

தணிக்கைக்கு ஓர் அளவுகோல் வேண்டுமே! 1929இல் ரொனால்டு நாக்ஸ் என்ற ஆங்கிலேயக் கத்தோலிக்கப் பாதிரியார் துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளைகள் எழுதினார். அவரே துப்பறியும் நாவல்கள் எழுதியவர். இரண்டாவது கட்டளை: இயற்கைக்கு அப்பாற்பட்ட சக்திகளுக்குக் கதையில் இடமே கிடையாது. எட்டாவது: துப்பறிபவர் கண்ணில் படும் தடயம் எதுவானாலும் உடனே வாசகர் கண்ணிலும் பட வேண்டும். நம் நாவல் இரண்டாவது கட்டளையை முதல் அத்தியாயத்திலேயே உடைத்துவிடுகிறது. எட்டாவதை உடைத்தால் மட்டும் அது பிழைக்காது. மந்திரவாதி கடைசி நேரத்தில் இதுவரை கேள்விப்படாத ஒரு மந்திரத்தைச் சொல்லித் தப்பித்தால், வாசகருக்கு ஏமாற்றப்பட்ட உணர்வுதான் வரும். ஆகவே நாக்ஸின் எட்டாவது கட்டளையைக் கையில் வைத்துக்கொண்டு நாவலைப் படியுங்கள். ஒவ்வொரு மாய நிகழ்வுக்கும், இது நடக்கலாம் என்று எந்தப் பக்கத்தில் நமக்குச் சொல்லப்பட்டது என்று கேளுங்கள். பெரும்பாலும் பக்கம் கிடைக்கும். கிடைக்காத இடங்கள்தான் உங்கள் கூட்டத்தின் நல்ல மாலைப்பொழுதுகள்.

தமிழ் வாசகருக்கு இங்கே ஒரு பழக்கம் குறுக்கே வரும். பேயும் கொலையும் சேர்ந்த கதை என்றால் கடைசியில் ஒரு விளக்கம் வரும் என்று காத்திருந்தே வளர்ந்தவர்கள் நாம். சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' அறிவியலா அமானுஷ்யமா என்ற ஊசலாட்டத்திலேயே கணேஷையும் வசந்த்தையும் நம்மையும் கடைசி வரை வைத்திருக்கும். அதன் சுவையே அதுதான். இந்த நாவலில் அந்த ஊசலாட்டம் இல்லை. லண்டனின் கோவென்ட் கார்டனில் தலை துண்டாகிக் கிடந்த ஒருவரின் கொலை நடந்த இடத்தைக் குளிர்ந்த அதிகாலையில் காவல் காக்கிறார் பீட்டர் கிராண்ட் என்ற இளம் கான்ஸ்டபிள். உடன் இருந்த லெஸ்லி மே காபி வாங்கப் போயிருக்கிறார். அந்த நேரத்தில் ஒருவர் வந்து, கொலையைக் கண்ணால் பார்த்தேன் என்கிறார். அவர் செத்து நெடுங்காலம் ஆனவர். பீட்டர் ஓடவில்லை, மயங்கவில்லை. குறிப்பேட்டை எடுத்து வாக்குமூலம் எழுதத் தொடங்குகிறார். நாவல் முழுவதன் மனநிலை அந்த ஒரு செயலில் இருக்கிறது. பேய் உண்டா இல்லையா என்ற கேள்வி அங்கேயே முடிந்துவிட்டது. மிச்சம் இருப்பது, இந்தச் சாட்சியை நம்பலாமா என்ற போலீஸ் கேள்வி மட்டும்தான்.

எங்கள் கூட்டத்தில் காவல்துறையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் இருந்தார். இந்தக் காட்சியில் அவர் சொன்னதற்கு எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். நம் சட்டப்படி, விசாரணையில் போலீஸ் எழுதிக்கொள்ளும் சாட்சி வாக்குமூலத்தில் சாட்சியின் கையெழுத்தை வாங்கவே கூடாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 161, 162ஆம் பிரிவுகள் அப்படித்தான் இருந்தன. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் அதே ஏற்பாடு தொடர்கிறது. ஆகவே பேயிடம் வாக்குமூலம் வாங்குவதில் இந்தியாவில் ஒரு சிக்கலும் இல்லை, நீதிமன்றத்துக்குச் சம்மன் அனுப்புவதில்தான் சிக்கல் என்றார் அவர். விளையாட்டாகச் சொன்னாலும் அவர்தான் எங்களுக்கு நாவலின் பாதியைத் திறந்துகாட்டினார். வீடு வீடாக விசாரிப்பது, கண்காணிப்பு கேமராப் பதிவுகளை உட்கார்ந்து பார்ப்பது, மேலதிகாரிக்கு என்ன எழுதுவது என்று தலையைப் பிய்த்துக்கொள்வது என மற்றவர்கள் வேகமாகப் புரட்டிய பக்கங்களில்தான் அவர் நின்றார். மாயத்தை நம்பவைப்பது மந்திரம் இல்லை, இந்தக் காகித வேலைதான் என்பது அவர் கட்சி. எனக்கும் அதில் உடன்பாடு. உங்கள் ஐவரில் அரசு அலுவலகத்திலோ தொழிற்சாலையிலோ பதிவேடுகளோடு மல்லுக்கட்டியவர் யாராவது இருந்தால், நாவலின் அந்தப் பகுதியை அவர் பொறுப்பில் விட்டுவிடுங்கள்.

இனி விதிகள். இந்த நாவலில் மாயம் நிகழ்ந்த இடத்தில் மின்னணுக் கருவிகள் பாழாகின்றன. கைபேசியைத் திறந்து பார்த்தால் உள்ளே சிப் மணலாகியிருக்கிறது. முதல் வாசிப்பில் இதை ஒரு நகைச்சுவையாகக் கடந்துபோவோம். பீட்டர் கடந்துபோவதில்லை. எவ்வளவு தூரத்தில், கருவி ஓடிக்கொண்டிருக்கும்போதா நின்றிருக்கும்போதா என்று சோதித்துப் பார்க்கிறார். இந்த உலகத்தில் மாயத்துக்கு இலக்கணம் வகுத்தவர் ஐசக் நியூட்டன் என்பது ஆசிரியரின் கற்பனை. அந்தக் கற்பனைக்கு ஏற்றபடி நாயகனும் அளந்து பார்ப்பவராக இருக்கிறார். மறுவாசிப்பில் கவனியுங்கள்: இந்த ஒரே விதி தடயமாகவும் பயன்படுகிறது, கையைக் கட்டும் கயிறாகவும் பயன்படுகிறது. கெட்டுப்போன கருவி, இங்கே மாயம் நடந்தது என்று காட்டிக்கொடுக்கும். அதே காரணத்தால் ஆபத்து நேரத்தில் போனில் உதவி கேட்கவும் முடியாமல் போகலாம். துப்பறியும் நாவலாசிரியர்களுக்குக் கைபேசி பெரிய தலைவலி. ஒரு அழைப்பில் பாதிக் கதை முடிந்துவிடும். அந்தத் தலைவலியைக் கதையின் அடிப்படை விதியாகவே மாற்றிய சாமர்த்தியத்தை நான் ரசிக்கிறேன்.

இன்னொரு விதி, மாயம் விட்டுச்செல்லும் எச்சம். நாவல் அதை வெஸ்டிஜியா என்கிறது. ஒரு வாசனை, ஒரு சத்தம், காரணமில்லாத ஒரு கோபம் என்று மனதில் தட்டிவிட்டுப் போகும். கல் அதை நன்றாகப் பிடித்துவைக்கும். கைரேகை நிபுணர் தூவும் பொடிக்கு இணையானது இது. ஆனால் பார்ப்பவரின் பயிற்சியைப் பொறுத்தது என்பதால் தவறு நேரவும் இடம் உண்டு. பீட்டர் உணர்ந்தும் பொருள் புரியாமல் விட்ட எச்சங்களை மட்டும் தனியாகக் குறித்துவாருங்கள். நாம் தவறவிட்டவை இல்லை இவை. அவர் நம் கண்முன்னே தவறவிட்டவை.

தடயங்களை ஆசிரியர் ஒளிக்கும் இடம் எது என்று கேட்டால், என் பதில்: பீட்டரின் கவனச்சிதறல். வேலையில் இருக்கும்போதே ஒரு கட்டடத்தின் வரலாற்றிலோ, ஒரு தெருவின் பழைய கதையிலோ அவர் மனம் ஓடிவிடும். நல்ல போலீஸ்காரராக அவர் தேறாததற்குக் காரணமே இதுதான் என்று லெஸ்லி அவரிடம் நேராகவே சொல்கிறார். வாசகரும் இந்தத் திசைதிருப்பல்களைச் சுவையான இடைச்செருகலாக எடுத்துக்கொண்டு, 'சரி, கதைக்கு வா' என்று காத்திருப்பார். கதையே அங்கேதான் ஓடிக்கொண்டிருக்கும். நகைச்சுவை வரிகளிலும் இதே வேலை நடக்கிறது; சிரித்த வாசகர் சந்தேகப்படுவதில்லை.

கூட்டத்தில் முதன்முறை படிப்பவர் அடுத்த பத்தியை மட்டும் தாண்டிச் செல்லட்டும்.

கொலையுண்டவரின் பெயர் ஸ்கர்மிஷ். அவருடைய நாயின் பெயர் டோபி. அந்த நாய் ஒருவரின் மூக்கைக் கடித்திருந்தது. இங்கிலாந்தின் பழைய கைப்பொம்மை நாடகமான பஞ்ச்-ஜூடியை அறிந்தவருக்கு இவ்வளவே போதும். பிச்சினி என்ற இத்தாலியப் பொம்மலாட்டக்காரர் நடத்திய வடிவத்தை ஜான் பெய்ன் காலியர் 1828இல் அச்சிட்டார். படங்கள் ஜார்ஜ் குரூக்ஷாங்க் வரைந்தவை. அதில் ஸ்கராமூச் என்ற பாத்திரத்தின் நாய் டோபி, நாயகன் பஞ்சின் மூக்கைக் கடிக்கிறது. பஞ்ச் ஸ்கராமூச்சின் தலையை அடித்துத் தூக்கிவிடுகிறான். பிறகு குழந்தையை ஜன்னல் வழியே எறிகிறான். நாவலின் முதல் கொலைகளை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எல்லாம் நம் முன்னால் விரித்துவைக்கப்பட்டிருந்தது, அதுவும் பெயரோடு! நாட்குறிப்புக்குப் பெயர்போன சாமுவேல் பெப்பிஸ் 1662 மே 9 அன்று அந்தப் பொம்மலாட்டத்தைப் பார்த்ததும் கோவென்ட் கார்டனில்தான். அங்குள்ள தேவாலயச் சுவரில் அதைப் பொறித்தே வைத்திருக்கிறார்கள். எட்டாவது கட்டளைக்கு இதைவிட நேர்மையாக ஒருவர் நடக்க முடியாது. என் குறை கடைசித் துரத்தல் பற்றியது. நகரத்தின் வரலாற்றுக்குள் பின்னோக்கி ஓடும் அந்தப் பகுதி எழுத்தாக அருமை. ஆனால் அது சாத்தியம் என்பதற்கு முன்பக்கங்களில் போடப்பட்ட அடித்தளம் மெலிதானது. எங்கள் கூட்டம் இதில் இரண்டாகப் பிரிந்து, சமரசம் ஆகாமலே அடுத்த நூலுக்குப் போய்விட்டது. நீங்கள் யார் பக்கம் என்று அறிய ஆவல். கடைசியில் அவிழும் பெரிய முடிச்சை இங்கேயும் எழுதப்போவதில்லை. யாராவது ஒருவர் ஆர்வம் தாங்காமல் இந்தப் பத்தியையும் படித்துவிடுவார்.

மலையில் உட்கார்ந்து படிப்பதில் இழப்பு உண்டா என்ற கேள்விக்கு வருகிறேன். ஒரு சிறு இழப்பு உண்டு. வரைபடம் அதைச் சரிசெய்துவிடும். பேய் சாட்சி நிற்கும் செயின்ட் பால் தேவாலயம் இனிகோ ஜோன்ஸ் கட்டியது. சதுக்கத்தைப் பார்த்த கிழக்கு முகப்பில் பெரிய தூண்களும் கதவும் இருக்கின்றன. ஆனால் அந்தக் கதவு வெறும் தோற்றம். உள்ளே போக மறுபுறம் சுற்றி வர வேண்டும். இது தெரிந்தபின் அந்த முதல் காட்சியைப் படித்தால், செத்த மனிதர் திறக்காத கதவின் முன்னால் நிற்கிறார் என்று தெரியும். லண்டன்வாசிக்கு இது நடந்துபோகும்போதே தெரிந்திருக்கும். நமக்குக் கணினியில் பத்து நிமிடத் தேடல்.

ஆனால் நாவலின் இன்னொரு பாதியில் மலைக்காரர்களுக்குத்தான் அனுகூலம் அதிகம். கொலை விசாரணைக்கு இணையாக ஓடுவது ஒரு தண்ணீர்த் தகராறு. தேம்ஸ் ஆற்றுக்கு இரண்டு தெய்வங்கள் உரிமை கோருகின்றன. மேலாற்றில் முதியவரான தேம்ஸ் தந்தை. டெடிங்டன் மதகுக்குக் கீழே, கடல் ஏற்றம் எட்டும் பகுதியில், நைஜீரியாவிலிருந்து நர்ஸ் பயிற்சிக்கு வந்து ஆற்றில் விழுந்து அதன் தெய்வமான தேம்ஸ் தாய். தந்தை நகரத்தை விட்டுப் போனது 1858இல். அது 'பெரும் நாற்றம்' என்று வரலாற்றில் பெயர் பெற்ற கோடைக்காலம். சாக்கடையாகிப்போன தேம்ஸின் வாடை தாங்காமல் நாடாளுமன்றமே திணறியது, அதன் பிறகுதான் பொறியாளர் பசல்ஜெட்டின் பாதாளச் சாக்கடைத் திட்டம் வந்தது. டைபர்ன், ஃபிளீட் முதலிய கிளை ஆறுகள் ஊருக்கு அடியில் புதைந்து ஓடுகின்றன. இதை விளக்க ஆசிரியர் லண்டன் வாசகருக்கே கொஞ்சம் மெனக்கெட வேண்டியிருக்கிறது. நமக்கு எதற்கு விளக்கம்? ஊட்டியில் கோடப்பமந்து கால்வாய் ஊருக்கு நடுவே கழிவைச் சுமந்து ஏரியில் போய் விழுகிறது. குன்னூர் ஆறு உங்கள் கடைவீதியின் முதுகுப்புறத்தில் ஓடுவதை மழை கொட்டும் நாளில்தான் பலர் நினைக்கிறார்கள். குந்தா மின்திட்டம் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடாவின் உதவியோடு வந்தபோது, அவலாஞ்சி, எமரால்டு, மேல்பவானி நீர் எல்லாம் அணைகளில் நின்று மலையைக் குடைந்த சுரங்கங்களில் ஓடத் தொடங்கியது. இங்கே பைக்காராவாகப் பிறக்கும் ஆறு மாயாறாகிப் பவானியில் கலந்து, காவிரிக்குப் போய், கீழே எத்தனை பேர் வழக்காடும் தண்ணீராகிறது என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். மேலாற்றுக்காரருக்கும் கீழாற்றுக்காரருக்கும் நடுவில் பஞ்சாயத்துப் பேசப் போகும் ஒரு சின்னப் போலீஸ்காரரின் சங்கடம் நம் ஊர் வாசகருக்கு முதல் வரியிலேயே புரியும். முதல் வாசிப்பில் இந்த ஆற்றுக் கதையை ஒட்டுக்கதை என்று ஒதுக்கியவர்கள் உங்களிலும் இருப்பார்கள். இரண்டாம் முறை அவர்களைப் பேசவிடுங்கள்.

இப்படிப் பேசத் தொடங்கினால் ஒரு கட்டத்தில் கூட்டம் நிச்சயம் இன்னொரு விளையாட்டுக்குத் தாவும்: இந்தக் கதை நீலகிரியில் நடந்தால் எப்படி இருக்கும்? விளையாடுங்கள், சுவையாக இருக்கும். ஊட்டி செயின்ட் ஸ்டீபன் தேவாலயத்தின் உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து கொண்டுவரப்பட்டவை என்பது தெரிந்ததுதானே. அந்த மரத்தில் என்ன எச்சம் தங்கியிருக்கும் என்று எங்கள் கூட்டம் ஒரு மாலை முழுவதும் பேசியது. ஆனால் ஓர் எல்லை வைத்துக்கொள்ளுங்கள். பைக்காரா தோடர்களுக்கு இன்றும் புனிதமானது. அது கதைக்கு எடுத்துப் பூட்டிக்கொள்ளும் அலங்காரம் இல்லை. இந்த மலையின் இன்னொரு பழங்குடியினரான குறும்பர்களை மந்திரவாதிகளாக்கும் ஆசையை அடியோடு விட்டுவிடுங்கள். சூனியம் வைத்தார்கள் என்ற பழியால் 19ஆம் நூற்றாண்டில் இந்த மலையில் குறும்பர்கள் கொல்லப்பட்டிருக்கிறார்கள்; ஆங்கிலேயர் காலத்துப் பதிவுகளிலேயே அது இருக்கிறது. லண்டன்காரரான ஆரோனோவிச் தன் ஊர் ஆற்றுக்குத் தானே தெய்வம் படைத்தார். வாழும் ஒரு சமூகத்தின் நம்பிக்கையை எடுத்து வில்லனாக்குவது அதிலிருந்து வெகுதூரம்.

புதியவர் விஷயம். அவரை இடைஞ்சலாக நினைக்காதீர்கள். உங்கள் தணிக்கைக்கு அவர்தான் சாட்சி. ஒவ்வொரு வாரமும் அவர் முதலில் பேசட்டும்: யார் மேல் சந்தேகம், எது புரியவில்லை, எது சலித்தது. மற்ற நால்வரும் அப்போது வாயைத் திறக்கக் கூடாது. முகத்தையும் காட்டக் கூடாது; அதுதான் கஷ்டம். எந்தத் தடயம் அவர் கையில் சிக்கியது, எது வழுக்கிப் போனது என்பதை அவரை வைத்துத்தான் அறிய முடியும், ஏனென்றால் நம் முதல் வாசிப்பில் என்ன நினைத்தோம் என்பது நமக்கே சரியாக ஞாபகம் இருப்பதில்லை. அவர் பேசி முடித்துக் கிளம்பிய பிறகோ, தேநீர் போட உள்ளே போனபோதோ, மற்றவர்கள் தங்கள் கணக்கைப் பேசிக்கொள்ளலாம். அடுத்தடுத்த நூல்களில் வரும் எதையும், அந்தப் பாத்திரம் பின்னால் என்ன ஆகிறார் என்ற பெருமூச்சு உட்பட, உள்ளே கொண்டுவராதீர்கள். முதல் நூலை முதல் நூலாகவே எடைபோடுவதற்கும் அது நல்லது.

வாரம் ஓர் அத்தியாயம் என்பது தொடக்கத்துக்கு மெதுவான வேகம். முதல் சந்திப்பிலேயே இரண்டு மூன்று அத்தியாயங்கள் எடுங்கள். இல்லாவிட்டால் பீட்டரின் குருவான நைட்டிங்கேல் முழுதாக வருவதற்குள் ஒருவர் கழன்றுகொள்வார். நடுப்பகுதியில் வேகத்தைக் குறையுங்கள், ஆறுகள் அங்கேதான் இருக்கின்றன. கடைசி அத்தியாயங்களைப் பிரிக்காமல் ஒரே அமர்வில் முடித்துவிடுங்கள். படிப்பது ஆங்கிலத்தில் இருந்தாலும் சண்டை போடுவது எந்த மொழியிலும் இருக்கலாம். எங்கள் கூட்டத்தில் சூடு ஏறினால் பாதிப் பேர் படுகர் மொழிக்குப் போய்விடுவார்கள். கண் பார்வை சிரமம் உள்ளவர் இருந்தால் கோப்னா ஹோல்ட்புரூக்-ஸ்மித் வாசித்த ஒலிநூலைக் கேட்கச் சொல்லுங்கள். பாத்திரங்களின் ஊர்ப்பேச்சு வேறுபாடு அதில்தான் நன்றாகத் தெரியும். அக்டோபர், நவம்பரில் தொடங்க வேண்டாம். வடகிழக்குப் பருவமழையில் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் எந்தச் சாலையில் எப்போது மண் சரியும் என்று சொல்ல முடியாது. இரண்டு வாரம் விட்டுப்போனால் கூட்டம் கலைந்துவிடும். ஜனவரிக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது நூலும் 2011இலேயே வந்துவிட்டது. கதைக் காலத்திலும் இடைவெளி அதிகம் இல்லை. முதல் நூலின் முடிவில் ஒருவருக்கு நேர்ந்த காயத்தோடுதான் அது தொடங்குகிறது என்பதால், உங்கள் புதியவர் அந்தக் காயத்தைப் பற்றிப் பேசி முடிக்கும் வரை அதைத் திறக்காதீர்கள். மற்ற நால்வரைவிட அவருக்குத்தான் அது பலமாக வலித்திருக்கும். ஒரு மாத இடைவெளி போதும். அந்த மாதத்தில் பஞ்ச்-ஜூடியின் 1828 வடிவத்தைப் படியுங்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, ஒரே மூச்சில் முடிந்துவிடும், படங்கள் ரசிக்கத்தக்கவை.